அஞ்சி ஒளியும் ஜீவனுக்கு அடைக்கலம்



அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வைப் போற்றி, அகிலத்தாருக்கெல்லாம் அருட்கொடையாக அனுப்பப்பட்ட எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள்மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கின்றேன்.

மலையகத்தில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால், அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். மரக்கறிச் சந்தையின் பின்புறத்திலோ, இறைச்சிக் கடையின் வடிகான் ஓரத்திலோ, நனைந்த காகிதப் பெட்டி ஒன்று கிடக்கும். அதனுள்ளே இரண்டு மூன்று பூனைக்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கும். சிலர் அவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்த் தேயிலை மலையின் நடுவே விட்டுவருகின்றார்கள். இன்னும் சிலர் பள்ளிவாசலின் ஹவ்ழுக்கு அருகில் வைத்துவிட்டு, தொழ வருவோர் எவராவது பார்த்துக்கொள்வார்கள் என்று தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்கின்றார்கள்.

மதரஸா விட்டு வீடு திரும்பும் பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று அவற்றில் ஒரு குட்டியைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் உம்மா முகஞ்சுளிக்கின்றார். வாப்பா, “எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடு” என்கின்றார். பிள்ளையோ அழுகின்றது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு முஸ்லிமின் வீட்டில் நிகழவேண்டியது என்ன? இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

பூனையைப் பற்றி நம்மில் அனேகர் அறிந்த ஹதீஸ் ஒன்று உண்டு. இமாம்களான புகாரியும் முஸ்லிமும் தத்தம் கிரந்தங்களில் பதிவு செய்துள்ளது அது. ஒரு பெண் பூனையொன்றை அடைத்துவைத்தாள். அதற்குத் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னும்படி அதை வெளியே விடவுமில்லை. அது பசியால் மாண்டது. அதன் காரணமாக அவள் நரக வேதனைக்குள்ளானாள் என்பது அதன் கருத்தாகும். இந்த ஹதீஸைப் பயமுறுத்தலாக மட்டுமே சொல்லிவிட்டுப் போவது நமது வழக்கமாகிவிட்டது. சற்று நிதானித்து நோக்கினால், அப்பெண்ணுக்கு முன்னே இரண்டு வழிகள் திறந்திருந்தன என்பது விளங்கும். பூனையை வளர்க்கவேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இருக்கவில்லை. விட்டிருக்கலாம், வைத்திருந்தால் ஊட்டியிருக்கவேண்டும். அவள் இரண்டு வாசல்களையும் அடைத்துவிட்டாள்.

ஆகவே, “எங்கள் வீட்டில் வசதியில்லை, வளர்க்க முடியாது” என்று ஒருவர் சொல்வாராயின் அவர்மீது குற்றமில்லை. ஆனால், வெளியே விடுவது என்ற வாசலைக் காட்டிக் குட்டிகளைத் தேயிலை மலையில் விட்டுவருவோர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். ஹதீஸில் சொல்லப்பட்ட பூனை, விட்டால் தானே இரை தேடிக்கொள்ளக்கூடிய பூனை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நான்கைந்து கிழமைக் குட்டிக்கு இரை பிடிக்கத் தெரியாது. அதைத் தாய்தான் பழக்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாத விடியற்காலையில் புல்லின்மீது உறைபனி படியும் குளிரை நாம் அறிவோம். கம்பளி போர்த்தியும் நமக்கு நடுங்குகின்றது. அந்தக் குளிரில் ஈரத் தேயிலைச் செடியின் அடியில் விடப்படும் குட்டிக்கு அதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

இனி, உம்மாவின் முகச்சுளிப்புக்கு வருவோம். அதனை அலட்சியம் செய்யக் கூடாது. தொழுகைக்கு உடையும் இடமும் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற பேணுதலினாலேயே அவர் தயங்குகின்றார். அந்தத் தயக்கம் ஸஹாபாக்களின் காலத்திலும் இருந்தது. கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள் கப்ஷா அவர்கள், அபூ கதாதா (ரலி) அவர்களின் மருமகள். ஒருநாள் மாமனார் வுழூச் செய்வதற்காக அவர் தண்ணீர் ஊற்றி வைத்தார். அவ்வேளை ஒரு பூனை வந்து அந்தப் பாத்திரத்தில் குடிக்க முனைந்தது. அபூ கதாதா அவர்கள் அதை விரட்டவில்லை. பூனைக்கு எட்டும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அது குடித்து முடியும்வரை காத்திருந்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, இதில் ஆச்சரியப்படுகின்றாயா என்று வினவி, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வலம்வருவோரைச் சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ, இப்னு மாஜா ஆகிய நான்கு ஸுனன் கிரந்தங்களிலும் இச்செய்தி உள்ளது.

‘சுற்றி வலம்வருவோர்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அல்குர்ஆனின் 24ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துந் நூரில், வீட்டினுள் அனுமதி கேட்டு வரவேண்டிய நேரங்களைப் பற்றிப் பேசும் 58ஆவது வசனத்திலும் இதே சொல்தான் இடம்பெறுகின்றது. அங்கே அது வீட்டிலுள்ள பணியாட்களையும் பருவமடையாத பிள்ளைகளையும் பற்றியது. வீட்டுக்குள் போவதும் வருவதுமாகத் திரிபவர்களோடு பூனையையும் சேர்த்துவிட்டார்கள் நமது நாயகம் (ஸல்) அவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தமக்கு அனுப்பப்பட்ட ஹரீஸாவில் பூனை வாய்வைத்துத் தின்ற பின்னர், அது தின்ற இடத்திலிருந்தே தாமும் உண்டார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

எனினும் சட்டத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, உயிருள்ள பூனையின் உடலும் உமிழ்நீரும் சுத்தமானவை. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவவேண்டும். ஆடையில் ஒட்டும் ஒருசில உரோமங்கள் மன்னிக்கப்பட்டவை. ஆகவே, தொழும் விரிப்பைச் சுருட்டி உயரத்தில் வைத்துவிட்டு, பூனையை வீட்டுக்குள் அனுமதிப்பதில் எந்தத் தடையுமில்லை.

இதற்கிடையில் ஒரு வார்த்தை. நபியவர்களின் அங்கியின்மீது பூனையொன்று உறங்கியது, அதை எழுப்ப மனமின்றி அங்கியின் கையை அறுத்துவிட்டு எழுந்தார்கள் என்றொரு கதையைப் பலர் சொல்கின்றார்கள். பூனைக்குப் பெயரும் சொல்கின்றார்கள். நம்பத்தகுந்த ஹதீஸ் கிரந்தங்களில் அது இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்பதும் இட்டுக்கட்டப்பட்ட செய்தி என்றே ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். உள்ளம் உருகும் கதை என்பதற்காக நபியவர்களின் பெயரால் அதைச் சொல்லக் கூடாது. நமக்கு அவை தேவையுமில்லை. ஹதீஸ்களை ஆகக்கூடுதலாக அறிவித்த ஸஹாபியை உலகம் எந்தப் பெயரால் அறிகின்றது? அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை! யமன் தேசத்து தவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த அவர்கள், சிறு வயதில் குடும்பத்தின் ஆடுகளை மேய்த்தபோது ஒரு பூனைக்குட்டியை வைத்திருந்ததாகவும், இரவில் அதை ஒரு மரத்தில் வைத்துவிட்டுப் பகலில் உடன் கொண்டுசென்று விளையாடியதாகவும் தாமே கூறியதைத் திர்மிதியில் காண்கின்றோம். ஆடு மேய்க்கும் ஏழைச் சிறுவனுக்கு ஒரு குட்டியை வைத்துக்கொள்ளப் பெரிய வீடு தேவைப்படவில்லை.

நேயர்களே! குட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்ததாக நடப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பிழைத்துப்போகின்றது. பிள்ளைகள் நால்வரும் சுற்றி நின்றுகொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தூக்குகின்றார்கள். அது சீறுகின்றது, ஒருவரின் கையைக் கீறிவிட்டு அலுமாரிக்கு அடியில் ஓடி ஒளிகின்றது. உடனே தும்புத்தடியால் குத்தி வெளியே இழுக்கின்றார்கள். “இது பொல்லாத பூனை, நன்றி கெட்டது” என்று மாலைக்குள் தீர்ப்பும் வழங்கப்படுகின்றது. அந்தச் சீற்றம் கோபத்தினால் வந்ததன்று. ஓடுவதற்கு வழியில்லாத பயத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான். அதன் பார்வையில் நாம் யார்? தன்னைவிடப் பல மடங்கு பெரிய, தன் தாயிடமிருந்து தன்னைப் பிரித்த இனத்தைச் சேர்ந்தவர்கள்.

அஞ்சிய உயிருக்கு முதலில் கொடுக்கவேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை அழகாக எடுத்துக்காட்டியது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே விரைவாக அமைதியடைந்தன. ஒளிய இடமிருப்பதால்தான் வெளியே வரத் துணிவு பிறக்கின்றது. இதற்கென எதையும் விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. பிஸ்கட் வந்த காகிதப் பெட்டியில் ஒரு பக்கம் வாசல் வெட்டி, பழைய கம்பளித் துண்டொன்றை உள்ளே விரித்தால் போதும்.

தனியறை ஒதுக்கக்கூடிய வீடாயின் முதற் சில நாட்கள் ஓர் அறையிலேயே விடுங்கள். ஆனால், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் ஆறுபேர் வாழும் குடும்பத்திடம் தனியறை பற்றிப் பேசுவது பரிகாசமாகிவிடும். அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு மூலை போதும். அந்த மூலைக்குள் எவரும் கைவிடக்கூடாது என்ற ஒரே சட்டம் போதும். விறகடுப்பின் வெப்பம் எட்டும் மூலையாயின் நமது மலைநாட்டுக் குளிருக்கு இன்னும் நல்லது. மண்ணோ மரத்தூளோ இட்ட தட்டொன்றைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள். பூனை இயல்பாகவே மண்ணைத் தோண்டி மூடும் பிராணி. பசும்பால் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். உணவுண்ணும் வயதுக் குட்டிக்கு உப்பும் தூளும் சேர்க்காமல் அவித்த மீனை, முள் நீக்கிக் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும்.

உணவை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மறுநாள் சற்று அருகில் அமருங்கள். நின்றுகொண்டு பார்க்காமல் நிலத்தில் அமர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, குர்ஆன் ஓதிக்கொண்டோ பாடம் படித்துக்கொண்டோ இருங்கள். நமது குரல் அதற்குப் பழகட்டும். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது பூனைகளிடையே பகைமையின் அடையாளம். அதற்கு மாறாக, கண்களைப் பாதி மூடி மெதுவாக இமைப்பது அதற்கு ஆறுதலளிக்கின்றது. இங்கிலாந்தின் ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மனிதர் மெதுவாக இமைத்தபோது பூனைகளும் அவ்வாறே கண்களைச் சுருக்கிப் பதிலளித்தன. அறிமுகமில்லாதவர் அப்படி இமைத்துக் கையை நீட்டியபோது, சலனமின்றி இருந்தவரைவிட அவரிடமே கூடுதலாக நெருங்கிவந்தன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். மிகவும் விரும்பிச் செய்வார்கள்.

அது தானாக வந்து கையை முகரும் நாள் வரும். அன்றும் அள்ளியெடுக்கக் கூடாது. ஒரு விரலை நீட்டுங்கள். அது கன்னத்தை உரசினால் காதுக்குப் பின்புறம் மெல்லத் தடவுங்கள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகமொன்று அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் விட்டது. அவர்கள் அருகில் சென்று அதன் காதுக்குப் பின்புறத்தைத் தடவிக்கொடுக்க, அது அமைதியடைந்தது. பின்னரே உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினிபோட்டு அளவுக்குமீறி வேலைவாங்குவதற்காகக் கண்டித்தார்கள். முதலில் அந்த ஜீவனின் அச்சத்தைத் தணித்தார்கள், விசாரணை அதன் பிறகுதான்.

எத்தனை நாட்களாகும் என்று கேட்பீர்கள். அது வயதைப் பொறுத்தது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அயலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980களில் செய்த ஆய்வுகளின்படி, பிறந்து இரண்டாவது கிழமை முதல் ஏழாவது கிழமை வரையிலான காலத்தில் மனிதக் கைகளுக்குப் பழகிய குட்டிகளே மனிதரோடு இலகுவில் நெருங்குகின்றன. அந்தக் காலத்தைத் தெருவில் கழித்துவிட்ட பூனைக்குக் கிழமைகள் அல்ல, மாதங்களும் செல்லலாம். வளர்ந்த கட்டாக்காலிப் பூனை சில கடைசிவரை மடியில் ஏறாமலே இருந்துவிடும். மூன்றடி தூரத்தில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும். அதுவே அதன் அளவு. மடியில் வந்து படுத்தால்தான் சோறு என்று நாம் நிபந்தனை விதிக்க முடியாது.

பெற்றோர்களிடம் குறிப்பாக ஒன்று சொல்லவேண்டும். முரண்டுபிடித்த ஒட்டகமொன்றின்மீது ஏறிய ஆயிஷா (ரலி) அவர்கள் அதை முன்னும் பின்னும் விரட்டியபோது, மென்மையைக் கடைப்பிடிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு உபதேசித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மென்மை எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும், எதிலிருந்து அகற்றப்பட்டாலும் அதைக் குறைபடுத்தும் என்ற புகழ்பெற்ற கருத்து அந்தச் சந்தர்ப்பத்தோடு சேர்ந்தே அறிவிக்கப்பட்டுள்ளது. அச்சங்கொண்ட ஒரு ஜீவனின் முன்னே பத்து நாட்கள் பொறுமையாக அமரப் பழகிய பிள்ளைக்கு அந்த மென்மை விளங்கும். “ஏன் இன்னும் வரவில்லை?” என்று அவன் கேட்கும்போது, “அதற்கு இன்னும் பயம் தீரவில்லை மகனே” என்று சொல்லும் வாப்பா, தன் பிள்ளையும் சில நேரங்களில் அலுமாரிக்கு அடியில் ஒளிந்த பூனையைப் போலத்தான் இருக்கின்றான் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். பரீட்சைப் புள்ளியை மறைக்கும் பிள்ளையையும் நாம் தும்புத்தடியால்தான் வெளியே இழுக்கின்றோம்.

கருணையோடு கவனமும் வேண்டும். வெறிநோய் நாயினால் மட்டுமன்றிப் பூனையினாலும் தொற்றும். பூனை கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தை உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். அறிகுறிகள் தோன்றிய பின்னர் இந்நோய்க்கு மருந்தில்லை என்றே சொல்லவேண்டும். அடிபடுவோம் என்று பயந்து கீறலை மறைக்கும் பிள்ளைதான் ஆபத்துக்குள்ளாகின்றது; ஆகவே மறைக்காமல் சொல்லும்படி முன்கூட்டியே கூறிவையுங்கள். பூனைக்கும் மிருக வைத்தியரிடம் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்யக் கூடாது. அதிலிருந்து பரவும் ஒருவகைக் கிருமி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். காய்ச்சலென்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். சிறு துண்டும் பூனையைக் கொன்றுவிடும். தெள்ளுக்கு மண்ணெண்ணெய் பூசுவதும் அப்படியே. அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும்.

வருடந்தோறும் குட்டிபோட்டு, அக்குட்டிகள் மறுபடியும் காகிதப் பெட்டியில் சந்தைக்குப் போவதாயின் நாம் செய்தது என்ன? கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி முற்கால இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேவையும் நலனும் இருந்து, வேதனையின்றி முறைப்படி செய்யப்படுமாயின் கூடும் என்று இக்கால அறிஞர் பலர் கூறுகின்றனர். உங்கள் ஊர் உலமாவிடமும் மிருக வைத்தியரிடமும் கேட்டுத் தீர்மானியுங்கள்.

தோட்டங்களில் வாழ்வோர் இன்னொன்றையும் மனத்திற்கொள்ளவேண்டும். நம் நாட்டில் நால்வகைக் காட்டுப் பூனையினங்கள் உண்டு; அவற்றுள் சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் துருப்புள்ளிப் பூனையும் மலைநாட்டிலும் வாழ்கின்றன. கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் அடியில் புள்ளிகளோடு ஒரு குட்டியைக் கண்டால் பரிதாபப்பட்டுத் தூக்கிவந்துவிடாதீர்கள். அதற்குத் தாய் இருக்கின்றது. இரை தேடிப் போயிருக்கும். விலகிச் சென்று வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பறவையொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவந்தபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி பணித்தார்கள். எடுத்து வளர்ப்பது சில வேளை கருணை. சில வேளை திருப்பி வைப்பதே கருணை.

சட்டைக்குள் வந்த அந்தக் குட்டியை நிரந்தரமாக வைத்திருக்க உங்களால் இயலாமற் போகலாம். மூன்று மாதம் பராமரித்து, பயம் தெளிந்தபின் நல்லதொரு வீட்டில் ஒப்படைப்பதும் முழுமையான நன்மையே. விலைபேசாமல் கொடுங்கள், பூனையின் விலையை நபியவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பொன்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வாங்குவோர் வீட்டில் எலித்தொல்லை இருக்கின்றதா என்பதை மட்டும் பார்க்காமல், குரலுயர்த்தாத மனிதர்கள் இருக்கின்றார்களா என்றும் பாருங்கள். கொடுக்கும்போது அது படுத்த கம்பளித் துண்டைத் துவைக்காமல் அதே பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். புதிய வீட்டின் முதல் இரவில், அதற்குப் பழக்கமான வாசனை அது ஒன்றுதான்.